கியர் பாக்ஸ் போச்சுன்னு இறக்குறதுக்கு முன்னாடி: அதிகம் ஓடின பிக்கப் வண்டிக்கு அறிகுறி வாரியா பாக்க வேண்டியது

ரெண்டு மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடின பொலேரோ பிக்கப், யோதா, தோஸ்த், ஏஸ் மாதிரி மேனுவல் கியர் லோடு வண்டி வச்சிருக்கறவங்களுக்காக இத எழுதறேன். பாலக்கோடு தக்காளி, காவேரிப்பட்டணம் மாங்கா, சூளகிரி கொத்தமல்லி புதினா ஏத்திட்டு நைட்டோட நைட்டா பெங்களூர் போயிட்டு வர்ற வண்டிங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தேயுது, லோடு ஜாஸ்தி, மேடு ஜாஸ்தி, ஓசூர் தாண்டினா கிளட்ச்ல வச்ச கால எடுக்க முடியாத டிராஃபிக். பட்டறைக்கு வந்ததும் எல்லாரும் சொல்றது "கியர் பாக்ஸ் போயிடுச்சுணா". பாதி நேரம் பாக்ஸ் நல்லாத்தான் இருக்கும், கிளட்ச்சோ ஆயிலோ ரப்பரோ தான் காரணமா இருக்கும். பாக்ஸ ஒருதடவை இறக்கி ஏத்துற லேபரே ஒரு லோடு வாடகைய முழுங்கிடும், அதனால இறக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு வரிசையா போட்டிருக்கேன். உங்க வண்டிக்கு எந்த அறிகுறி இருக்கோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க, ஆனா அடுத்து இருக்கற ரெண்டு செக் மட்டும் எல்லாருக்கும் பொது.

எந்த கம்ப்ளெயின்ட்டா இருந்தாலும் முதல்ல இது ரெண்டும்

ஒண்ணு ஆயில். வண்டிய சமதளத்துல நிறுத்தி, டயருக்கு முன்னாடி பின்னாடி கல்லு வச்சு, எஞ்சின் ஆஃப் பண்ணி கொஞ்சம் ஆறவிட்டுட்டு பாக்ஸோட சைடுல இருக்கற ஆயில் ஊத்துற போல்ட்ட கழட்டுங்க. பெரும்பாலான வண்டில அந்த ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் ஆயில் நிக்கணும், விரல உள்ள விட்டு கீழ மடக்கினா உடனே நனையணும். நனையலன்னா ஆயில் கம்மி, எங்கயோ ஒழுகுது. ஆயில் மாத்தறதா இருந்தாலும் இந்த மேல் போல்ட்ட தான் முதல்ல கழட்டணும், அது கையில வந்ததுக்கு அப்புறம் தான் கீழ இருக்கற டிரெயின் போல்ட்ட தொடணும். மொத்த ஆயிலையும் இறக்கிட்டு, மேல் போல்ட் துருப்பிடிச்சு வரலன்னா வண்டி அங்கயே நிக்க வேண்டியதுதான்.

இறக்கின ஆயில வெயில்ல வச்சு பாருங்க, டிரெயின் போல்ட் காந்தத்துல ஒட்டியிருக்கறதையும் துடைச்சு விரல்ல தேச்சு பாருங்க. சாம்பல் கலர்ல மாவு மாதிரி பசையா இருந்தா அது வயசுக்கான தேய்மானம், பயப்பட ஒண்ணும் இல்ல. ஆயில்ல தங்க கலர்ல மினுமினுன்னு பொடி மிதந்தா அது பித்தளை, சின்க்ரோ ரிங் (கியர் உரசாம விழறதுக்கு வேகத்த சமப்படுத்தற வளையம்) தேஞ்சுட்டு வருது. தகடு தகடா, செதில் செதிலா இரும்பு வந்தா பேரிங் உரியுது, பல்லு துண்டே வந்தா அதோட வண்டிய ஸ்டார்ட் பண்றதையே நிறுத்திடுங்க. ஆயில் வெளுத்து போயிருந்தா தண்ணி உள்ள இறங்கியிருக்கு, மழைல ஓடையில இறக்கின வண்டிக்கு இது அடிக்கடி வரும், ரெண்டு தடவை ஆயில் மாத்தி கழுவி எடுத்தே ஆகணும்.

என்ன ஆயில் ஊத்தியிருக்குன்றதும் முக்கியம். கிரவுனுக்கு (பின் ஆக்சில் கியர்) வாங்கின ஜிஎல்-5 ஆயில் மிச்சம் இருக்குன்னு அதையே பாக்ஸ்லயும் ஊத்தறது நம்ம பக்கம் ரொம்ப சாதாரணமா நடக்குது. அதுல இருக்கற சல்ஃபர் கலந்த கெமிக்கல் பித்தளை ரிங்க மெதுவா அரிக்கும், வழுக்கல் வேற ஜாஸ்தி, அதனால ரிங் கியரோட கோன்ல (கூம்பு முகம்) பிடிக்காம கியர் விழறதுக்கு லேட் ஆகும். பித்தளை ரிங் இருக்கற பாக்ஸுக்கு பொதுவா ஜிஎல்-4, 80டபிள்யூ-90 தான் கேப்பாங்க, உங்க வண்டி புக்ல என்ன போட்டிருக்கோ அதையே ஊத்துங்க, கடைக்காரர் எடுத்து குடுக்கறத இல்ல.

ரெண்டாவது கிளட்ச். ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியா இருந்தா டப்பால ஆயில் லெவல் பாருங்க, பெடல் மேல இருக்கற மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து உள்பக்கம் மேட்ல ஈரம் இருக்கான்னு கைய விட்டு தடவி பாருங்க, கீழ ஸ்லேவ் சிலிண்டர் ரப்பர் மூடிய லேசா விலக்கி பாருங்க. கேபிள் வண்டின்னா கேபிள் நுனில இழை பிரிஞ்சிருக்கான்னு பாத்து ஃப்ரீ பிளே (கிளட்ச் பிடிக்கறதுக்கு முன்னாடி பெடல் சும்மா போற தூரம்) சரி பண்ணுங்க. இதுக்கு ஸ்பானர் தெரிஞ்ச யாரும் போதும்.

கியர் விழவே மாட்டேங்குது, இல்லன்னா கையால குத்தி போட வேண்டியிருக்கு

எஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும், ரிவர்ஸும் சேத்து போட்டு பாருங்க. இந்த ஒரு டெஸ்ட்லயே வழி ரெண்டா பிரிஞ்சிடும்.

ஆஃப்ல அழகா விழுது, ஸ்டார்ட் பண்ணா விழலயா: பாக்ஸ் மேல தப்பு இல்ல, கிளட்ச் முழுசா விடுபடல. பெடல மூணு நாலு தடவை பம்ப் பண்ணிட்டு போட்டு பாருங்க, பம்ப் பண்ணா விழுதுன்னா லைன்ல காத்து இருக்கு, இல்லன்னா சிலிண்டர் வாஷர் போயிருக்கு. காத்து எடுத்தும் நாலு நாள்ல திரும்ப வந்தா சிலிண்டர் கிட் மாத்துங்க. அதையும் பண்ணியாச்சு, பெடல் கெட்டியா இருக்கு, அப்பவும் விழலன்னா பிரஷர் பிளேட் விரல் தேஞ்சிருக்கும், ரிலீஸ் ஃபோர்க் வளைஞ்சிருக்கும், இல்ல கிளட்ச் பிளேட் ஷாஃப்ட் ஸ்ப்ளைன்ல (ஷாஃப்ட் மேல இருக்கற பல் வரி) துருப்பிடிச்சு நகராம நிக்கும். இந்த மூணுக்கும் பாக்ஸ இறக்கணும், ஆனா பாக்ஸ பிரிக்க வேணாம். இறக்கின கையோட "பாக்ஸையும் பிரிச்சு பாத்துடலாம்"னு யாராவது சொன்னா எதுக்குன்னு காரணம் கேளுங்க.

ஆஃப்லயும் டைட்டா: அப்ப கிளட்ச விட்டுடுங்க. கேபிள் கியர் வண்டில கேபிள் காஞ்சிருக்கும், தண்ணி இறங்கி இறுகியிருக்கும். பாக்ஸ் பக்கம் கேபிள் மாட்டியிருக்கற கொக்கிய கழட்டிட்டு பாக்ஸோட லீவர கையால அசைங்க, அது லேசா போச்சுன்னா கேபிள் தான், அது மட்டும் மாத்தினா போதும். லீவர் நேரா பாக்ஸ் மேல உக்கார்ற வண்டில, லீவர் அடியில இருக்கற பிளாஸ்டிக் புஷ் நொறுங்கியிருக்கும், சின்ன பார்ட் தான், லீவர கழட்டினா கண்ணுக்கே தெரியும். இது எதுவும் இல்ல, பாக்ஸோட லீவரே டைட்டுன்னா உள்ள ராடு, ஃபோர்க் (கியர தள்ளி போடற கவட்டை) பிரச்சனை, அப்ப மெக்கானிக்க கூப்பிடுங்க.

காலைல மட்டும் டைட்டு, பத்து கிலோமீட்டர் போனா சரியாயிடுதா: தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் மார்கழி தை மாச குளிர்ல இது நெறைய வரும். பாக்ஸ்ல சத்தம் வருதுன்னு யாரோ 140 கிரேடு கெட்டி ஆயில் ஊத்தி விட்டிருப்பாங்க. சரியான கிரேடு மாத்துங்க. மாத்தினதும் மறைஞ்சிருந்த சத்தம் வெளிய வந்துச்சுன்னா சத்தம் தலைப்புக்கு போங்க.

கியர் மாத்தும்போது கர்ர்னு பல்லு உரசுது

வண்டிய நிறுத்தி, ஆக்சிலரேட்டர் தொடாம, கிளட்ச முழுசா அமுக்கி மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டு ரிவர்ஸ் போடுங்க. அஞ்சு எண்ணின பிறகும் கர்ர்னு உரசினா கிளட்ச் விடுபடல, மேல சொன்ன கிளட்ச் வேலையே தான். நின்ன வண்டில சத்தமில்லாம விழுது, ஓட்டத்துல மட்டும் உரசுதுன்னா சின்க்ரோ.

எல்லா கியரும் உரசுதுன்னா ஆயில், கிளட்ச் ரெண்டையும் மறுபடி பாருங்க, எல்லா ரிங்கும் ஒரே நேரத்துல போறது அபூர்வம். ரெண்டாவது மட்டுமோ, இல்லன்னா மூணாவதும் சேந்தோ உரசுதுன்னா அந்த ரிங் தான், மேட்டுல திரும்ப திரும்ப மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்கற வண்டில முதல்ல சாகறது ரெண்டாவது ரிங். உறுதி பண்ண டபுள் கிளட்ச் போட்டு பாருங்க: கிளட்ச் அமுக்கி நியூட்ரல், கிளட்ச விட்டு லேசா ஆக்சிலரேட்டர், மறுபடி கிளட்ச் அமுக்கி ரெண்டு. இப்படி போட்டா சத்தமே இல்லாம விழுந்துச்சுன்னா ரிங் தேஞ்சிருக்கு, மத்தது நல்லா இருக்கு.

ரிங் தேஞ்சது ஒண்ணும் அவசரம் இல்ல. டபுள் கிளட்ச் போட்டு சீசன ஓட்டி முடிச்சுட்டு செய்யலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் கர்ர்னு குத்தி போட்டு ஓட்டினா ரிங்கோட போக வேண்டியது கியரோட சின்ன பல்லையும் ஸ்லீவையும் (கியரோட பூட்டிக்க நகர்ற வளையம்) சேத்து தின்னுடும், அப்ப ரிங் விலை போய் கியர் விலை ஆகும்.

பாக்ஸ் பிரிச்சிருந்தா ரிங்க நீங்களே பாத்து தெரிஞ்சுக்கலாம். ரிங்க கியரோட கோன்ல வச்சு அமுக்கி திருப்புங்க, நல்ல ரிங் கப்புன்னு பிடிச்சு கியரையும் சேத்து திருப்பும், ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவுல சுத்திலும் ஒரே அளவு இடைவெளி தெரியும், ஃபீலர் கேஜ் விட்டு அளக்கலாம். செத்த ரிங் அடிவரைக்கும் இறங்கி கியர் முகத்துல முட்டி உக்காந்துக்கும், சும்மா வழுக்கும். உள்பக்கம் நகத்தால கீறி பாருங்க, மெல்லிசா மரை மாதிரி வரி வரியா நகத்துல தட்டணும், வழவழன்னு பளபளன்னு இருந்தா வேலை முடிஞ்சுது.

கியர் தானா கழண்டு நியூட்ரலுக்கு வந்துடுது

இத மட்டும் நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க. தர்மபுரில இருந்து சேலம் பக்கம் தொப்பூர் கணவாய் இறங்கும்போது லோடு வண்டி கியர் கழண்டுச்சுன்னா எஞ்சின் பிடிமானம் மொத்தமா போய், முழு எடையும் பிரேக் மேல விழும், சூடாகி பிரேக் பிடிக்காம போறதுக்கு அந்த இறக்கம் போதும். அந்த வேகத்துல திரும்ப கீழ் கியர் போடவும் முடியாது. பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் இறங்கறது, அஞ்செட்டி, வத்தல்மலை ரோடு எல்லாத்துக்கும் இதே தான். டீசல் மிச்சம்னு வேணும்னே நியூட்ரல்ல இறக்கறவங்களுக்கும் சொல்லிடறேன், இப்ப வர்ற காமன் ரெயில் எஞ்சின்ல கியர்ல வச்சு ஆக்சிலரேட்டர் விட்டு இறக்கினா டீசல் தானா கட் ஆயிடும், நியூட்ரல்ல போட்டா தான் எஞ்சின் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். மிச்சமும் இல்ல, உயிருக்கும் ஆபத்து.

காசு கம்மியானதுல இருந்து வர்றேன்.

லீவரோட ரப்பர் உறை, புதுசா போட்ட மேட், சீட் கவர் இதுல ஏதாவது லீவர முழுசா போகவிடாம தள்ளுதான்னு பாருங்க. கியர் பாதி தான் உள்ள போயிருந்தா மேடு பள்ளத்துல கழண்டுக்கும்.

அடுத்தது மவுண்டிங் ரப்பர். எஞ்சின் ரப்பரும் பாக்ஸ் அடியில இருக்கற ரப்பரும் கிழிஞ்சிருந்தா ஆக்சிலரேட்டர் குடுக்கும்போது மொத்த பாக்ஸும் சாஞ்சு கியர வெளிய இழுக்கும். எஞ்சின் ஓடும்போது ஆக்சிலரேட்டர டக்குன்னு குடுத்து விடுங்க, லீவர் தலை நல்லா ஆடி குதிச்சா ரப்பர் தான். பாக்ஸ இறக்காமலே ரப்பர் மட்டும் மாத்தி சரியான வண்டிங்க நெறைய.

கேபிள் வண்டின்னா கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்.

அப்புறம் ராட பிடிச்சு நிறுத்தற ஸ்பிரிங்கும் குண்டும். லீவர போடும்போது டக்குன்னு உக்கார்ற உணர்ச்சி இல்லாம கொழகொழன்னு இருந்தா ஸ்பிரிங் செத்திருக்கும் இல்ல உடைஞ்சிருக்கும். சில மாடல்ல பாக்ஸ இறக்காம மேல இருந்தோ சைடுல இருந்தோ போல்ட் கழட்டி மாத்தலாம், ஸ்பிரிங் பழசு புதுச பக்கத்துல வச்சா உயரத்துலயே வித்தியாசம் தெரியும்.

இதெல்லாம் சரியா இருந்தும் ஒரே ஒரு கியர் மட்டும் கழண்டுக்குதுன்னா பாக்ஸ் உள்ள தான். ஃபோர்க் தேஞ்சிருக்கும், ஸ்லீவும் கியரும் பூட்டிக்கற சின்ன பல்லு உருண்டு போயிருக்கும், இல்லன்னா ஷாஃப்ட் பேரிங் ஆட்டம் குடுத்து கியர் முன்ன பின்ன நகரும். ஃபோர்க் தேயறதுக்கு பெரிய காரணம் ஓட்டும்போது லீவர் மேலயே கைய வச்சிருக்கறது, அந்த எடை ஃபோர்க்க சுத்திட்டு இருக்கற ஸ்லீவ் மேல எப்பவும் அழுத்திக்கிட்டே இருக்கும். பிரிக்கும்போது அந்த சின்ன பல்ல பாருங்க, நல்ல பல்லு நுனி கூர்மையா, பக்கவாட்டுல உள்நோக்கி லேசா சரிவா இருக்கும், அந்த சரிவு தான் லோடு ஏறும்போது ஸ்லீவ உள்ள இழுத்து பிடிக்குது. தேஞ்ச பல்லுல சரிவு மாறி மூலை உருண்டு மினுக்கும். அந்த கியர், ஸ்லீவ் ஹப் ரெண்டையும் சேத்து மாத்தணும், ஸ்லீவ மட்டும் மாத்தி கியர விட்டா கொஞ்ச நாள்ல திரும்ப கழண்டுக்கும்.

லீவர கயிறு போட்டு, டியூப் ரப்பர் போட்டு சீட்டோட இழுத்து கட்டிக்கிட்டு லோடு ஓட்டறவங்கள பாக்கறேன். தயவுசெஞ்சு வேணாம். அவசரத்துல அந்த கியர் வெளிய வராது, வேற கியரும் போட முடியாது. கழண்டுக்கற வண்டிய லோடு இறக்கிட்டு, சமதள ரோட்டுல, மெதுவா பட்டறைக்கு கொண்டு வாங்க, கணவாய் வழின்னா வேற வண்டி மேல ஏத்தி கொண்டு போங்க.

சத்தம் வருது: எப்ப வருதுன்றது தான் கேள்வி

சத்தத்த காதுல கேட்டு சொல்றத விட, எப்ப வருது எப்ப நிக்குதுன்னு எழுதி குடுத்தா மெக்கானிக்குக்கு பாதி வேலை முடிஞ்சுது. கண்ணாடி ஏத்திட்டு, பாட்டு நிறுத்திட்டு, காலி வண்டில பாருங்க.

நியூட்ரல்ல நிக்கும்போது கரகரன்னு வருது, கிளட்ச் அமுக்கினா நிக்குது: டாப் ஷாஃப்ட் (கிளட்ச்ல இருந்து பாக்ஸுக்குள்ள வர்றது) பேரிங், இல்லன்னா லே ஷாஃப்ட் (அதுல இருந்து சுழற்சிய கியர்களுக்கு கடத்தறது) பேரிங். கிளட்ச் விட்டிருக்கும்போது அந்த ரெண்டும் தான் சுத்துது. ஆயில் சரியா இருந்து சத்தம் லேசா இருந்தா நாள் ஓட்டலாம், ஆனா வாரத்துக்கு வாரம் ஏறுதுன்னா இறக்கிடுங்க. பேரிங் ஆடினா ஷாஃப்ட் விலகி கியர் பல்லு நேரா சேராது, அப்படியே ஹவுசிங்ல (பாக்ஸோட வெளிக்கூடு) பேரிங் உக்கார்ற ஓட்டையும் பெருசாயிடும்.

கிளட்ச் அமுக்கினா தான் வருது: ரிலீஸ் பேரிங். பாக்ஸ் இறக்கணும், ஆனா உள்ள பிரிக்க ஒண்ணும் இல்ல. வண்டி நின்னு, கியர்ல போட்டு கிளட்ச் அமுக்கியிருக்கும்போது மட்டும் கீச்சுன்னு கத்தினா ஃப்ளைவீல் நடுவுல இருக்கற பைலட் பேரிங்கையும் சந்தேகப்படுங்க.

ஒரே ஒரு கியர்ல மட்டும் ஊளை: அந்த கியர் ஜோடி தேஞ்சிருக்கு. அஞ்சாவதா இருந்தா ஆயில் லெவல மறுபடி பாருங்க, நெறைய பாக்ஸ்ல அஞ்சாவது கியர் பின்னாடி தனியா இருக்கும், ஆயில் குறைஞ்சா முதல்ல காயறது அதுதான்.

எல்லா கியர்லயும் வருது, நாலாவதுல மட்டும் நல்லா குறையுது: பின்சக்கர பிக்கப் பாக்ஸ்ல பெரும்பாலும் நாலாவது கியர் டைரக்ட், டாப் ஷாஃப்ட்ல இருந்து நேரா மெயின் ஷாஃப்டுக்கு (சக்கரத்துக்கு வெளிய போறது) போயிடும், லே ஷாஃப்ட் மேல லோடு ஏறாது. அதனால நாலுல சத்தம் அடங்கினா லே ஷாஃப்டும் அதோட பேரிங்கும் தான். இந்த ஒரு டெஸ்ட் தெரிஞ்சா ரொம்ப நேரம் மிச்சமாகும்.

கியர் மாத்தினாலும் மாறல, வண்டி வேகத்தோட ஏறி இறங்குது, சமதளத்துல காலி ரோட்டுல நியூட்ரல் போட்டாலும் தொடருது: பாக்ஸ விட்டு வெளிய வாங்க. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்கு போற நீள ஷாஃப்ட்) கிராஸ், அதாவது அதோட மூட்டு, சென்டர் பேரிங், கிரவுன், வீல் பேரிங் இதுல ஒண்ணா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. வண்டிய சமதளத்துல கல்லு வச்சு நிறுத்தி ஷாஃப்ட கையால முறுக்கி ஆட்டுங்க, கிராஸ் கப்புல துரு பொடி சிவப்பா வடிஞ்சிருந்தாலே அது காஞ்சிருக்கு. முதல் கியர்ல எடுக்கும்போது டங்குன்னு ஒரு அடி விழறதும் இந்த கிராஸால தான் நெறைய வரும். கிராஸ் மாத்தற செலவு பாக்ஸ் செலவுக்கு பக்கத்துலயே வராது.

தகடு தகடா இரும்பு ஆயில்ல வந்து, கூடவே சத்தமும் இருந்தா அதுக்கு மேல செக் எதுவும் வேணாம், நிறுத்திட்டு ஆள கூப்பிடுங்க.

ஆயில் ஒழுகுது

நைட்டு வண்டிக்கு அடியில அட்டைய போட்டு காலைல பாருங்க, எந்த இடத்துல சொட்டியிருக்குன்னு தெரியும். எஞ்சினும் பாக்ஸும் சேர்ற இடத்துக்கு அடியில சொட்டினா தொட்டு மோந்து பாருங்க: கன்னங்கரேல்னு டீசல் எஞ்சின் ஆயிலா இருந்தா எஞ்சின் கிராங்க் ஷாஃப்டோட பின்பக்க சீல், கெட்டியா கந்தக நாத்தம் அடிச்சா பாக்ஸோட முன் சீல். எதுவா இருந்தாலும் கிளட்ச் பிளேட்டுல ஆயில் ஏறறதுக்குள்ள பாத்துடணும்.

பின்னாடி ஷாஃப்ட் சேர்ற இடத்துல ஒழுகினா பின் சீல், அது ஷாஃப்ட கழட்டினாலே மாத்தலாம். ஆனா சீல் மாத்தின ஒரு மாசத்துல திரும்ப ஒழுகினா மூணாவது சீல் வாங்காதீங்க. பாக்ஸ் மேல இருக்கற ப்ரீதர் (காத்து போற சின்ன வழி) மண் அடைச்சிருக்கான்னு பாருங்க, அடைச்சிருந்தா உள்ள சூடான காத்து வெளிய போக வழியில்லாம சீல் வழியா ஆயில தள்ளும், மண்ரோட்டு வண்டிக்கு இது சகஜம். அது சுத்தமா இருந்தா சீல் உக்கார்ற இடத்துல நகத்த ஓட்டுங்க, பள்ளம் தட்டினா அந்த பார்ட்ட மாத்தணும். அதுவும் சரின்னா பின் பேரிங் ஆட்டம்.

ஹவுசிங்ல கீறல் விட்டு கசிஞ்சா எம்சீல் பூசி ஓட்டறது பட்டறை வரைக்கும் வர்றதுக்கு மட்டும். அலுமினிய வெல்டிங் நல்லா தெரிஞ்சவர் கிட்ட குடுத்தாலும், பேரிங் உக்கார்ற இடத்துக்கு பக்கத்துல கீறல் இருந்தா ஹவுசிங் மாத்தறது தான் நிக்கும்.

எஞ்சின் உறுமுது, வண்டி நகரல

மேட்டுல ஆர்.பி.எம் ஏறுது வேகம் ஏறல, கருகின வாசம் வருதுன்னா கிளட்ச் வழுக்குது. சமதளத்துல, முன்னாடி யாரும் இல்லாம, ஹேண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கும் அமுக்கி, மூணாவது கியர் போட்டு கிளட்ச மெதுவா விடுங்க. எஞ்சின் உடனே அணையணும். அணையாம ஓடிக்கிட்டே இருந்தா கிளட்ச் செட் முடிஞ்சுது. ஒரு தடவை பாத்தா போதும், திரும்ப திரும்ப பண்ணி மிச்சம் இருக்கறதையும் எரிக்காதீங்க.

கொஞ்சமும் நகரலன்னா, ஒருத்தர் உள்ள உக்காந்து கியர் போட்டு கிளட்ச் விடட்டும், நீங்க ரெண்டு அடி தள்ளி சைடுல இருந்து குனிஞ்சு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சுத்துதான்னு பாருங்க, எஞ்சின் ஓடும்போது அடியில போகக்கூடாது. ஷாஃப்ட் சுத்துது சக்கரம் சுத்தல: ஆக்சில் ராடு உடைஞ்சிருக்கு, இல்லன்னா கிரவுன் போயிருக்கு, பாக்ஸ் நல்லா இருக்கு. ஷாஃப்ட்டே சுத்தல: கிளட்ச், இல்லன்னா பாக்ஸ், ரெண்டுல எதுன்னு இறக்கினா தான் தெரியும்.

ஒரே கியர்ல மாட்டிக்கிச்சு

எஞ்சின ஆஃப் பண்ணி, கிளட்ச் அமுக்கி, வெளிய ரெண்டு பேர் வண்டிய லேசா முன்ன பின்ன ஆட்டும்போது லீவர இழுத்து பாருங்க, நெறைய நேரம் வந்துடும். கேபிள் கழண்டு தொங்குதான்னும் பாருங்க. வரலன்னா, இல்ல சக்கரமே பூட்டிக்கிச்சுன்னா ரெண்டு கியர் ஒண்ணா மாட்டியிருக்கும், பலம் போடாதீங்க.

இழுத்துட்டு போகும்போது ஒண்ணு கவனிக்கணும். பின்சக்கரம் தரையில ஓடினா மெயின் ஷாஃப்ட் சுத்தும், ஆனா எஞ்சின் ஓடாததால லே ஷாஃப்ட் சுத்தாது, ஆயில தெறிச்சு மேல அடிக்கறதே அதுதான். தூரம் போகணும்னா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட கழட்டிட்டு இழுங்க, இல்ல பின்பக்கத்த தூக்கி கொண்டு போங்க.

இறக்கித்தான் ஆகணும்னு முடிவாச்சு: ரிப்பேரா, மாத்தறதா

பிரிச்சு எல்லாத்தையும் டீசல்ல கழுவி தார்ப்பாய்ல அடுக்கினதுக்கு அப்புறம் தான் இந்த பேச்சு. பிரிக்கறதுக்கு முன்னாடி "மொத்தமா இவ்வளவு ஆகும்"னு பேசி முடிக்கறது ரெண்டு பக்கமும் சண்டையில தான் முடியும். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க.

பேரிங், சீல், ரிங் மட்டும் தான் போயிருக்கு, கியர் பல்லு எல்லாம் நல்லா இருக்குன்னா யோசிக்காம ரிப்பேர் பண்ணுங்க. பேரிங் மட்டும் நல்ல கம்பெனி, பில்லோட வாங்குங்க, போலி டப்பா நெறைய ஓடுது. ஒரு கியர் ஒரு ஹப் போயிருந்தாலும் ரிப்பேர் தான், கியர மாத்தினா அதோட சேந்து ஓடற ஜோடி கியரையும் மாத்துங்க, பழசோட புதுசு சேராது, ஊளை விடும். லே ஷாஃப்டும் மெயின் ஷாஃப்ட் கியர் ரெண்டு மூணும் ஹவுசிங்கும் சேந்து போயிருந்தா அப்ப கணக்கு போடுங்க: பார்ட்ஸும் லேபரும் சேத்து நல்ல செகண்ட்ஸ் (பழைய வண்டில கழட்டின) பாக்ஸ் விலைய தாண்டுச்சுன்னா பாக்ஸ மாத்தறது லாபம். கம்பெனி புது பாக்ஸ் போடறது, வண்டி இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடணும், பாடி சேஸிஸ் நல்லா இருக்குன்னா மட்டும்.

செகண்ட்ஸ்க்கு சென்னை புதுப்பேட்டைக்கு போறவங்களும் உண்டு, சேலம் பெங்களூர் பக்கம் தேடறவங்களும் உண்டு. எங்க போனாலும் பழைய பாக்ஸ் நம்பரும், டாப் ஷாஃப்ட் ஸ்ப்ளைன் எண்ணிக்கையும், முன்பக்க ஹவுசிங் போல்ட் ஓட்டைகளோட போட்டோவும் கையில இருக்கணும். புகை விதி 2017ல பிஎஸ்4, 2020ல பிஎஸ்6னு வந்தப்ப ஒரே பேர் வண்டிலயே பாக்ஸ், சென்சார், ரேஷியோ மாறியிருக்கலாம், பேர சொல்லி வாங்கினா மாட்டிக்குவீங்க. கடையிலயே டாப் ஷாஃப்ட கையால சுத்தி ஒவ்வொரு கியரா போட்டு பாருங்க, ஷாஃப்ட மேல கீழ ஆட்டுங்க, ஆட்டம் இருக்கக்கூடாது. டிரெயின் போல்ட்ட கழட்ட சொல்லுங்க, ஆயிலே இல்லாம கழுவி வச்சிருந்தா மேல் மூடிய திறந்து பல்ல பாக்காம காசு குடுக்காதீங்க. போல்ட் மாட்டற காது எதுலயாவது வெல்டிங் வச்சிருந்தா வேணாம். மாத்திக் குடுக்கறதுக்கு எத்தனை நாள்னு பில்லுலயே எழுதி வாங்குங்க.

பாக்ஸ் கீழ இருக்கும்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் பின்பக்க சீல், பாக்ஸ் ரப்பர் எல்லாத்தையும் பாத்துடுங்க. ஃப்ளைவீல் முகத்துல நீலமா சூட்டு தழும்பு, மயிரிழை கீறல் இருந்தா லேத்துக்கு குடுங்க. பிளேட் இன்னும் கொஞ்சம் இருக்கேன்னு பழசையே போட்டா ஆறு மாசத்துல அதே லேபர திரும்ப குடுக்கணும். பாக்ஸ தூக்கி சேக்கும்போது கிளட்ச் பிளேட் நடுவுல உக்கார சென்டரிங் ராடு போட்டு தான் பிரஷர் பிளேட் இறுக்கணும், பாக்ஸ் எடைய ஷாஃப்ட் மேல தொங்க விட்டா புது பிளேட்டோட நடுப்பகுதி வளைஞ்சிடும். இது வீட்டு வாசல்ல ஜாக்கி கட்டை வச்சு செய்யற வேலை இல்ல, பாக்ஸ் கனம் கைய நசுக்கிடும்.

ஏத்தினதும் ஆயில் ஊத்தாம ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, ரெண்டு பேர் வேலை பாக்கற பட்டறைல ஒருத்தர் ஊத்தியிருப்பார்னு இன்னொருத்தர் நினைக்கறது நடக்கும், நீங்களே விரல விட்டு பாத்துக்கோங்க. முதல் 500 கிலோமீட்டர் பாதி லோடோட ஓட்டுங்க, 1.7 டன் வண்டில மூணு டன் மாங்கா ஏத்தற பழக்கம் இருந்தா அந்த சீசனுக்கு நடுவுல இந்த வேலைய வைக்காதீங்க. 1000 கிலோமீட்டர்ல ஆயில இறக்குங்க, புது ரிங் உக்காரும்போது வர்ற பொடி அதுல இருக்கும், கொஞ்சம் பொடி வரலாம், செதில் வரக்கூடாது. செதில் வந்தா அன்னைக்கே வண்டிய பில்லோட பட்டறைல கொண்டு போய் விடுங்க.